பட்டை வாங்கும்போது பார்த்து வாங்குங்க

தோல் ஊர்களில் பட்டை என்றால் இரண்டு. ஒன்று ஆவாரம்பட்டை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தொட்டிகளில் குரோமியம் வருவதற்கு முன்னால் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட்டது இந்தப் பட்டையும் கடுக்காயும்தான். மானாவாரிக் காட்டிலும் புறம்போக்கிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரை. இன்னொன்று பிரியாணியில் போடுகிற பட்டை. லவங்கப்பட்டை, கருவாப்பட்டை, இலங்கைத் தமிழர் வாயில் கறுவா.

இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. ஆனாலும் முதலாவதை இங்கேயே சொல்லிவிட ஒரு காரணம் இருக்கிறது. ஆவாரையின் பழைய தாவரவியல் பெயர் 'கேசியா ஆரிகுலேட்டா'. இப்போது 'சென்னா' என்று மாற்றிவிட்டார்கள். கடையில் கிடைக்கும் தடித்த பிரியாணிப் பட்டைக்கு உலக வணிகத்தில் பெயரும் 'கேசியா'தான். பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு வேறு. செல்போனில் 'கேசியா பட்டை' என்று தேடிவிட்டு ஆவாரையின் குணத்தை லவங்கப்பட்டைக்கும், லவங்கப்பட்டையின் குணத்தை ஆவாரைக்கும் ஏற்றிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டுமே 'சர்க்கரைக்கு நல்லது' என்று பெயர் வாங்கியவை என்பதால் குழப்பம் இன்னும் கூடிப்போகிறது.

சர்க்கரை நோய் இன்றைக்கு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் லவங்கப்பட்டைப் பொடி விற்கிறது. 'காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் பொடிய தேன்ல கொழைச்சு சாப்பிடுங்க, மூணு மாசத்துல மாத்திரையே தேவையில்ல' என்கிறார்கள். இதை மருந்துக் கம்பெனிக்காரன் சொன்னால் நாம் சந்தேகப்படுவோம். நம் இயற்கை அங்காடிகளிலும் வாரச்சந்தைகளிலும் நம் ஆட்களே சொல்லும்போது நம்பிவிடுகிறோம். அதனால் நமக்குள்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. பட்டை நல்ல பொருள். எந்தப் பட்டை, எவ்வளவு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் தினமும் ஸ்பூன் கணக்கில் விழுங்கினால் அதே பட்டை ஈரலைக் கெடுக்கும்.

முதலில் எந்தப் பட்டை என்பது.

உண்மையான லவங்கப்பட்டை இலங்கையையும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையையும் தாயகமாகக் கொண்ட 'சின்னமோமம் வீரம்' என்ற மரத்தின் உள்பட்டை. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக இலங்கைக் கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்ததற்கு இந்த மரம் பெரிய காரணம். இன்றும் இலங்கைதான் இதில் முதலிடம். 2022 பிப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. கேசியா என்பது இதன் பங்காளி மரங்களின் பட்டை. சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. நம்மூர் மளிகைக் கடையில் 'பட்டை குடுங்க' என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். விலை குறைவு, காரம் அதிகம், மணம் தூக்கலாக இருக்கும். பிரியாணி மாஸ்டர்கள் இதை விரும்புவதில் தப்பில்லை.

அடையாளம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், கையும் மூக்கும் போதும். உண்மைப் பட்டை காகிதம் மாதிரி மெல்லியது. பல அடுக்குகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்துச் சுருட்டியிருப்பார்கள், குறுக்கே பார்த்தால் சுருட்டு மாதிரி உள்ளே நிறைந்திருக்கும். நிறம் வெளிறிய பழுப்பு. இரண்டு விரலால் அழுத்தினால் நொறுங்கும். நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, பின்னால் லேசான காரம். சில கடைகளில் இதைச் 'சுருள் பட்டை' என்பார்கள். கேசியா தடிமனானது, ஒற்றை அடுக்கு. இரண்டு ஓரமும் உள்பக்கம் வளைந்து ஓலைச்சுருள் மாதிரி இருக்கும், அல்லது ஓடு மாதிரி தட்டையாகக் கிடக்கும். நிறம் செம்பழுப்பு. கையால் உடையாது, அம்மியில் வைத்துத் தட்ட வேண்டும். மிக்சி பிளேடு தேய்கிற மாதிரி சத்தம் போட்டால் அது கேசியாதான்! உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் சோதனையும் எளிமையானதே: உண்மைப் பட்டையை ஒரு பென்சிலைச் சுற்றி வளைக்க முடியும், அவ்வளவு மெல்லிசு.

நம் நாட்டு உணவுச் சட்டம் இரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. சினமனுக்குத் தனித் தரம், கேசியாவுக்குத் தனித் தரம். கேசியாவை அந்தப் பெயரில் விற்பது குற்றமில்லை, சினமன் என்று சீட்டு ஒட்டி விற்பதுதான் தப்பு. தமிழில் இரண்டையும் பட்டை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டதால் கேள்வி கேட்க நமக்கு வாய் வரவில்லை. 'பட்டை' என்று கேட்காமல் 'சுருள் பட்டை' என்று கேளுங்கள். பொடி செய்துவிட்டால் எந்தச் சோதனையும் நம் கையில் இல்லை.

இந்த வித்தியாசம் ருசியோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. கேசியாவில் கூமரின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அளவுக்கு மேல் தொடர்ந்து உடம்பில் சேர்ந்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். உண்மைப் பட்டையில் இது இருப்பதே தெரியாத அளவுக்குக் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். கேசியாப் பொடி ஒரு கிராமில் சுமார் 3 மில்லிகிராம் கூமரின் இருக்கும் என்பது ஜெர்மனியின் அரசு நிறுவனம் போட்ட கணக்கு. ஆக, பெரியவர் ஒருவர் நாள்தோறும் சாப்பிட்டால் 2 கிராம்தான் எல்லை. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம். ஒரு டீஸ்பூன் பொடி சுமார் இரண்டரை கிராம் வரும். 'காலையில ஒரு ஸ்பூன்' என்பவர் அந்த ஒரு வேளையிலேயே எல்லையைத் தாண்டிவிடுகிறார். ராத்திரிக்கும் ஒரு ஸ்பூன் என்றால் இரண்டு மடங்கு.

ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டதற்கு யாரும் பயப்பட வேண்டாம். ஒரு கிலோ அரிசிக்கு நாலைந்து துண்டு போட்டு, பத்துப் பேர் சாப்பிட்டு, பட்டையை இலை ஓரம் ஒதுக்கிவிடுகிறோம். தினமும் பொடியாக, மருந்து மாதிரி, மாதக்கணக்கில் விழுங்குவதில்தான் சிக்கல்.

சரி, சர்க்கரை குறையுமா? இந்தப் பேச்சு பெரிதானது 2003-ல். பாகிஸ்தானில் சர்க்கரை நோயாளிகள் 60 பேரை வைத்து 40 நாள் ஓர் ஆய்வு நடந்தது. தினம் 1, 3, 6 கிராம் என்று கேசியா கொடுத்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்ததாக வெளியிட்டார்கள். உலகம் முழுக்கச் செய்தி ஆனது. அதற்குப் பின் பல ஊர்களில் ஆய்வுகள் நடந்தன. சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வுகளைத் தொகுத்துச் சலிக்கும் காக்ரேன் அமைப்பு 2012-ல் 577 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று முடித்தது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பு, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைவதாகச் சொன்னது. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவில் மாற்றம் தெரியவில்லை என்றது அதே தொகுப்பு. கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் காப்பாற்றுவது அந்த மூன்று மாதக் கணக்குதான்.

என் கணிப்பு இது: பட்டைக்குச் சிறு குணம் இருக்கலாம், மாத்திரையை நிறுத்தும் குணம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை நம்பினால் பொடி விற்றவர் கூட வந்து ஆஸ்பத்திரியில் உட்கார மாட்டார். அங்காடி நடத்தும் நண்பர்களுக்கு ஒன்று: 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று சீட்டில் அச்சடிப்பது 1954-ம் ஆண்டு மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலிலேயே வரும் குற்றம். 'லவங்கப்பட்டை, சுருள், இன்ன ஊர்த் தோட்டம், இன்ன மாதம் உரித்தது' என்று எழுதுங்கள். படிக்கிறவருக்கு அதுதான் தேவை.

நம் மரபு மருத்துவம் இதில் நிதானமாகவே இருந்திருக்கிறது. சளி, இருமலுக்குக் கொடுக்கும் சிதோபலாதி சூரணத்தின் கணக்கைப் பாருங்கள்: கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலம் 2, பட்டை 1. முப்பத்தொரு பங்கில் ஒரே பங்கு! சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கென்றே உள்ள ஆவாரைக் குடிநீரில் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என்று ஏழு சரக்கு. லவங்கப்பட்டை அதில் கிடையாது. பட்டைக்கு அவர்கள் சொன்ன வேலை வேறு: மந்தம், வாயு, குமட்டல், சளி, வாய்நாற்றம். அந்த வேலையை அது இன்றும் ஒழுங்காகச் செய்கிறது. பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு என்ற எண்ணெய்ப் பொருள்தான் அந்த மணமும் காரமும். கிருமிகளை வளரவிடாமல் தடுக்கும் சக்தியும் அதற்கு உண்டு. கறிச் சமையலில் பட்டை ஏன் வந்தது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

யாரெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈரல் கோளாறு உள்ளவர்கள், மாதமாக இருக்கும் பெண்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளணும். அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். குழந்தைகள் உலர்ந்த பொடியை வாயில் கொட்டிக்கொண்டால் மூச்சுக்குழாயில் போய் ஆபத்தாகிவிடும். பட்டை எண்ணெய் தோலில் பட்டால் எரியும், அதைக் குடிக்கவே கூடாது.

பொடியைப் பற்றி இன்னொரு சங்கதி. தோல் பகுதியில் இருக்கிற நமக்கு இது சட்டென்று புரியும். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ்ப் பொட்டலங்களில் ஈயம் இருப்பது தெரியவந்தது. தேடிப் போனால் அது ஆப்பிளிலிருந்து வரவில்லை, அதில் சேர்த்த பட்டைப் பொடியிலிருந்து வந்தது. பட்டை இலங்கையிலிருந்து குச்சியாகத்தான் போயிருக்கிறது. ஈக்வடார் நாட்டில் அரைத்திருக்கிறார்கள். அரைத்த பொடியைச் சோதித்ததில் பத்து லட்சம் பங்கில் 5,110 பங்கு வரை ஈயம், கூடவே குரோமியம். இரண்டும் சேர்ந்து இருந்ததால் லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயம் கலந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். நிறமும் எடையும் கூட்டத்தான். மஞ்சள் தூளில் கலப்படம் செய்கிறவர்கள் கையாளும் அதே சரக்கு. நானூறுக்கும் மேற்பட்ட பாதிப்புகள் பதிவாயின, பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். 2024-ல் மலிவுக் கடைகளில் விற்ற வேறு பல பட்டைப் பொடிகளிலும் ஈயம் கூடுதலாக இருப்பதாக அந்நாட்டு உணவு மருந்துத் துறை எச்சரித்தது.

குரோமியம் என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1970களில் அரை பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின் ஆவாரம்பட்டை ஒதுங்கி, குரோமியம் உள்ளே வந்து, பாலாற்றுப் படுகையில் கிணறு கிணறாகக் கெட்டது நம் கண்முன் நடந்தது. தொட்டியில் போடும் குரோமிய உப்பும் அந்தச் சாயத்தில் உள்ள குரோமியமும் ஒரே வடிவம் இல்லை. சாயத்தில் இருப்பது கூடுதல் கேடு. கிணற்றுத் தண்ணீரை மாற்ற நம்மால் உடனே முடியாது. பட்டையைக் குச்சியாக வாங்கி வீட்டில் அரைக்கிறது நம் கையில் இருக்கிறது. மஞ்சளைக் கிழங்காக வாங்கி மில்லில் கண்முன்னே அரைக்கிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறதே, பட்டைக்கும் அதையே செய்யலாம். உண்மைப் பட்டையை வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்துச் சின்ன மிக்சி ஜாரில் போட்டால் ஒரு நிமிடத்தில் மாவாகிவிடும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் கண்ணாடிப் புட்டியில் மூடி வையுங்கள். முழுப் பட்டை காற்றுப் புகாமல் இருந்தால் ஓரிரு ஆண்டு மணம் போகாது. பொடி சில மாதத்தில் வெறும் மரத்தூள்தான்.

இனி அன்றாடச் சமையல். பட்டையின் பெரிய உபகாரம், அது நாக்கை ஏமாற்றும் விதத்தில் இருக்கிறது என்பேன். உண்மைப் பட்டையின் மணம் வாய்க்கு இனிப்பு மாதிரியே படும். கேழ்வரகுக் கூழைப் பாலோ தேங்காய்ப் பாலோ விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சும்போது, இறக்குவதற்கு முன் கால் டீஸ்பூன் பொடியைத் தூவிப் பாருங்கள். இரண்டு ஸ்பூன் வெல்லம் போட்ட இடத்தில் ஒன்று போதும். சாமைப் பாயசம், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய்ப் பாயசம், நன்றாகப் பழுத்த வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பட்டை சர்க்கரையைக் குறைக்கிறது என்று சொன்னால், முதலில் டம்ளரில் உள்ள சர்க்கரையைக் குறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எந்த ஆய்வும் வேண்டாம்.

டீயை விட முடியாதவர்கள் சுலைமானிக்கு மாறலாம். ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் பிரியாணிக்குப் பிறகு எலுமிச்சை பிழிந்த பாலில்லாத டீ பழக்கமானதுதான். இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு விரற்கடை நீளச் சுருள் பட்டை, தட்டிய இஞ்சி, ஒரு ஏலக்காய் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, டீத்தூளைச் சிட்டிகை போட்டு உடனே வடித்து எலுமிச்சை பிழியுங்கள். கறி சாப்பிட்ட வயிற்று மந்தம் இதில் கேட்கும். சர்க்கரை இல்லாமல் குடிக்க ஒரு வாரம் பழகணும், அப்புறம் சர்க்கரை போட்ட டீ திகட்டும். மழைக்காலத்தில் சுக்குமல்லிக் காபிப் பொடி இடிக்கும்போது கால் கிலோ மல்லிக்கு ஒரு விரல் நீளப் பட்டையைச் சேர்த்து இடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

பட்டையின் மணம் தண்ணீரை விட எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். ஆம்பூர் பிரியாணியில் எண்ணெய் காய்ந்ததும் முதலில் விழுவது பட்டை, கிராம்பு, ஏலக்காய். அப்புறம்தான் வெங்காயம், இஞ்சி பூண்டு, அரைத்த காய்ந்த மிளகாய் எல்லாம். அந்த முதல் அரை நிமிடத்தில் தீ கூடினால் பட்டை கருகிக் கசக்கும், மொத்தச் சட்டிக்கும் அந்தக் கசப்பு ஏறும். உண்மைப் பட்டை மெல்லியது என்பதால் சீக்கிரம் கருகும், தீயை இறக்கி வையுங்கள். சீரகச் சம்பாவுக்குப் பதிலாக ஜவ்வாது மலைச் சாமையில் காய்கறி பிரியாணி செய்கிறவர்கள் சுருள் பட்டையையே போடலாம். சாமையின் மெல்லிய வாசனையைக் கேசியா அமுக்கிவிடும். கூடவே கத்திரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும் இருந்தால் அது தனிச் சாப்பாடு! ஆட்டுக்கறிப் பிரியாணிக்குக் கேசியாதான் வேண்டும் என்று மாஸ்டர் அடம்பிடித்தால் சண்டை போடாதீர்கள், மாதம் ஒரு நாள்தானே. வீட்டில் தினமும் புழங்கும் கறிமசாலாப் பொடிக்கும் கஞ்சிக்கும் டீக்கும் சுருள் பட்டை என்று பிரித்து வைத்துக்கொண்டால் போதும்.

அளவு என்று கேட்டால், ஒரு ஆளுக்கு நாளைக்கு அரை டீஸ்பூனுக்குள். அதையும் சோற்றோடும் கஞ்சியோடும் சேர்த்துத்தான்.

இதை நாமே விளைவிக்க முடியாதா என்று உழவர்கள் கேட்பது நியாயம். மனசாட்சிப்படி சொன்னால், பாலாற்றுச் சமவெளியில் இது பயிராக வராது. லவங்கப்பட்டைக்கு ஆண்டுக்கு 150 முதல் 250 செ.மீ. மழை வேண்டும். வேலூர், திருப்பத்தூர் சமவெளியில் சுமார் 100 செ.மீ.தான் எதிர்பார்க்க முடியும். தண்ணீர் பாய்ச்சலாம் என்றால் உப்பேறிய கிணற்றுத் தண்ணீர். 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே, தோல் பகுதியில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்ற கணக்கு பதிவாகியிருக்கிறது. அந்த மண்ணில் மழைக்காட்டு மரத்தை வைத்துப் பணத்தை விடச் சொல்ல மாட்டேன். அந்த நிலத்துக்கு ஏற்றது மானாவாரியில் தானே நிற்கும் ஆவாரையும் புங்கனும் வேம்பும்தான்.

ஏலகிரி, ஜவ்வாது மலை மேல் பலா நிழலும் நல்ல தண்ணீரும் உள்ள தோட்டங்களில் பத்து இருபது கன்று வைத்துப் பார்க்கலாம். சோதனையாக என்று சொல்கிறேன், பரிந்துரையாக இல்லை. தமிழ்நாட்டில் இதன் வாகான இடம் கன்னியாகுமரி மலையோரம், குற்றாலம், ஏற்காடு, கீழ்ப்பழனி மலைகள். வேளாண் பல்கலைக்கழகம் ஏற்காட்டிலிருந்து ஒய்.சி.டி.-1, பேச்சிப்பாறையிலிருந்து பி.பி.ஐ.(சி)-1 என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் நவஸ்ரீ, நித்யஸ்ரீ ரகங்களும் உண்டு. நாற்று வாங்கும்போது ரகப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்; காட்டுக் கருவாக் கன்றை லவங்கம் என்று கொடுத்துவிடுவார்கள்.

விதை முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். பழுத்து விழுந்த பழத்தின் சதையைக் கழுவி எடுத்து, உடனே நிழல் பாத்தியில் ஊன்ற வேண்டும். செடி இரண்டு வயதானதும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டிவிட்டால் பக்கவாட்டில் தூர் கட்டும். நம்மூர் முருங்கையை மொட்டை அடிக்கிற மாதிரிதான். நான்காம் ஆண்டு வாக்கில் கட்டை விரல் பருமனில் குச்சிகள் கிடைக்கும். சிவந்த கொழுந்து பச்சையாக மாறுகிற பருவத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். பட்டை கட்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தால் உரிக்கும் நேரம். மேல்தோலைச் சுரண்டிவிட்டு, குச்சியைப் பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்து, நீளவாக்கில் இரண்டு கீறல் போட்டு உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி நிழலில் காயவைக்க வேண்டும். இந்தக் கைவேலைக்குத்தான் விலை. கேசியா மலிவாக இருப்பதற்கும் காரணம் இதுதான், அங்கே தடித்த மரப்பட்டையை வெட்டி எடுத்தால் முடிந்தது.

சமவெளிக்காரர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு ஊரில் பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்தால் ஆண்டுக்கு நாலைந்து கிலோ சுருள் பட்டை போதும். ஒரு வீட்டுக்குக் கால் கிலோ என்பது தாராளம். குமரி மாவட்டத்திலோ ஏற்காட்டிலோ ரசாயனம் போடாமல் தோட்டம் வைத்திருக்கும் நம் இயக்க உழவர்களிடம் நேரடியாகப் பேசி, உரிப்பு முடிந்த கையோடு வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். பதிலுக்கு அவர்களுக்கு இங்கிருந்து மலைச் சாமையும் புளியும் அனுப்பலாம்.

வீட்டுத் தோட்டத்தில் நல்ல தண்ணீரும் மா, பலா நிழலும் இருந்தால் ஒரே ஒரு கன்று வையுங்கள். பட்டை உரிக்கும் அளவுக்குத் தேறாவிட்டாலும் இலை கிடைக்கும். பிரிஞ்சி இலை என்று காசு கொடுத்து வாங்குவது இந்த மரத்தின் பங்காளி இலைதான். லவங்கப்பட்டை மரத்தின் இலையில் கிராம்பு வாசனை தூக்கலாக இருக்கும். முற்றிய இலையாகப் பறித்து இரண்டு நாள் நிழலில் காயவைத்துக் குருமாவிலும் சாமை பிரியாணியிலும் ஆளுக்கு அரை இலை கணக்கில் போடலாம்.